காதிஸ் துறைமுகத்து எளிய பார்கள்

‘பார்’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் உலகம் என்பது ஒரு பொருள். காண் என ஏவுதல் மற்றொரு பொருள். மூன்றாவதாகப் பிறமொழியினின்றும் வந்து குடியேறிய பொருளும் ஒன்றுண்டு. அதனை நம் இல்லங்களில் உரத்துச் சொல்லுவாரிலர். மதுக்கடையை ஒட்டி, ஒளி குறைந்து, ஆடவர் தலை கவிழ்ந்து நுழையும் இடத்துக்கே அப்பெயர் இங்கு வழங்கி வருகின்றது. ஆதலின், ஸ்பெயின் நாட்டுத் தென்மேற்குக் கரையிலுள்ள காதிஸ் என்னும் துறைமுக நகரில் யாம் பன்னிரண்டு நாள் தங்கி, நாடோறும் பார்களிலேயே உண்டு வந்தோம் என்று சொன்னால், இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் புருவம் நெரிப்பர் என்பதை அறிவோம். அன்னார் சற்றே பொறுத்து, முழுவதும் கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

எம் தமையனார் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் அறிவியல் பயில்கின்றார். உதவித்தொகை பெற்றுச் சென்றவர்; அத்தொகையிலும் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பி வருபவர். ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அவருடைய வாழ்த்துடன் நிழற்படம் ஒன்றும் கைப்பேசி வழியே வந்தது. படத்தில் முதியவர் மூவர் நடுவே தமையனார் நிற்கின்றார். பின்னே அடுக்கிய புட்டிகளும் மரப்பீப்பாய்கள் இரண்டும். சுவரில் நீலப் பூ எழுதிய ஓடுகளும், முள் உடைந்த கடிகாரம் ஒன்றும். அவர் கையிலே இளமஞ்சள் நிறமான ஏதோ நிறைந்த கண்ணாடிக் குவளை. ‘இங்குள்ள பாரில் பெரியவர்களோடு மான்சானீயா பருகுகின்றேன்’ என்று கீழே எழுதியிருந்தார். சிற்றப்பா அப்பெயரைத் தேடிப் பார்த்து, அது சான்லூகார் என்னும் ஊரில் ஆக்கப்படும் ஒருவகைத் திராட்சை மது என்று கண்டு கூறினார். பாட்டியார் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு உணவு வேண்டாமென்று படுத்துக்கொண்டார். எம் பாட்டனார் இரண்டு விளைகளையும் ஒரு கிணற்றையும் குடியிலே தொலைத்து, நாற்பது வயது நிரம்புமுன் மாண்டவர் என்பதை ஈண்டுச் சொல்லாமல் விட்டால், பாட்டியாரின் மௌனம் படிப்பவர்க்கு விளங்காது.

தமையனார் ஊர் வந்து ஈராண்டு ஆகிவிட்டமையால், வளைகுடா நாட்டில் செவிலியாகப் பணிபுரியும் எம் அத்தையார் பயணச்சீட்டு வாங்கித் தந்து, சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம்மை அவரிடம் அனுப்பினார். புறப்படும் நாளன்று பாட்டியார் எம்மைத் தனியே அழைத்து, “ஐயா, அவன் குடிக்கிறானா இல்லையா என்று உன் கண்ணால் பார்த்து, உள்ளதை உள்ளபடி எனக்கு மட்டும் சொல்லு” என்றார். இக்கட்டளையைச் சுமந்தே யாம் காதிஸ் சேர்ந்தோம்.

அந்நகரின் பழைய பகுதி மூன்று புறமும் கடல் சூழ்ந்த சிறு நிலத்துண்டு. பினீசிய வணிகர் காதிர் என்று பெயரிட்டு அமைத்தது அது. மேலை ஐரோப்பாவின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தை 1493-இல் இங்கிருந்தே தொடங்கினார். அமெரிக்க வாணிகத்தை ஆண்ட அலுவலகம் 1717-ஆம் ஆண்டில் செவீயாவிலிருந்து இந்நகருக்கு மாற்றப்பட, வணிகர் செல்வம் குவித்தனர். தம் கப்பல் வரவைக் காணும்பொருட்டு மாடங்களின்மேல் எழுப்பிய கோபுரங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. இக்காலத்திலோ துறைமுகத்துக்கு வருவன பெரும்பாலும் உல்லாசப் பயணக் கப்பல்கள். ஒரு கப்பல் வந்து நின்றால் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே இறங்கி, கப்பல்துறைக்கும் பேராலயத்துக்கும் இடைப்பட்ட தெருக்களை நிறைத்துவிடுவர். இவ்வுண்மையை யாம் முதல் நாளிலேயே அறிந்திருப்பின் எமக்கு நேர்ந்த இழுக்கு நேர்ந்திராது.

தமையனார் தங்கியிருந்தது ஒரு சிற்றறை. அதில் சமைக்க அடுப்பில்லை. அவருடைய ஆய்வுக்கூடம் விரிகுடாவின் எதிர்க்கரையில், புவேர்த்தோ ரெயால் என்னும் ஊரில் உள்ளது. காலையில் பேருந்தேறிச் சென்றால் இரவு பத்து மணியளவிலேதான் திரும்புவார். “தம்பி, நான் பல்கலைக்கழகத்திலேயே சாப்பிட்டுக்கொள்வேன். நீ இதை வைத்துக்கொள்” என்று நாள் ஒன்றுக்கு 15 யூரோ எம் கையில் வைத்தார். ஒரு யூரோ நம் பணத்தில் 90 ரூபாய்க்கு மேற்பட்டது. ஆகவே அத்தொகை எமக்குச் செல்வமாகவே தோன்றிற்று.

முதல் நாள் நண்பகலில் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், வெண்துணி விரித்த மேசை ஒன்றன்முன் அமர்ந்தோம். உணவுப் பட்டியல் நான்கு மொழிகளில் வண்ணப் படங்களுடன் பொலிந்தது. கேளாமலே ரொட்டியும் ஒலிவக் காய்களும் வந்தன. விருந்தோம்பல் என்று மகிழ்ந்து உண்டோம். பின்னர் ஒரு மீன் உணவும், புட்டியிலடைத்த நீரும், ஓர் இனிப்பும். கணக்குச் சீட்டு வந்தபோது ரொட்டியும் ஒலிவமும் உட்பட 27 யூரோ என்றிருந்தது. எவரும் எம்மை ஏமாற்றவில்லை. விலைகளெல்லாம் பட்டியலிலேயே அச்சிட்டிருந்தன. கேட்டறியாதது எம் பிழையே. அத்தையார் ஆபத்துக்கென்று தந்திருந்த பணத்தில் 12 யூரோ எடுத்துக் குறையை நிரப்பினோம். தமையனாரிடம் இதனைச் சொல்ல நாணி மறைத்தோம்.

மறுநாள் முதல் குறைந்த விலையில் நல்லுணவு கிடைக்கும் இடத்தை நாடுவதே எம் தொழிலாயிற்று. அத்துடன் மற்றொரு தேட்டமும் இருந்தது. நிழற்படத்திலுள்ள அந்த பாரைத் தமையனார் அறியாமலே கண்டுபிடித்து, அவர் அங்கு என்ன பருகுகின்றார் என்பதை அறியவேண்டுமென்று உறுதி கொண்டோம். நேரே கேட்டுவிடலாமே எனின், கேட்கும் துணிவு எமக்கில்லை. ‘ஆம்’ என்று அவர் சொல்லிவிட்டால் அதனைப் பாட்டியார்க்கு எடுத்துச் செல்லவேண்டுமே என்னும் அச்சமே காரணம்.

முதலில் யாம் கற்றது காலம். பசித்தபோதெல்லாம் உணவு கிடைக்கும் நாடன்று அது. நண்பகல் உணவு இரண்டு மணிக்கு மேல் நான்கு மணிக்குள். இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல். இடையிலே பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும். பன்னிரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் உணவு தேடி அலைபவன் பயணிகளுக்கென்றே அமைந்த கடைகளில் சென்று வீழ்வது உறுதி.

அடுத்துக் கற்றது பார் என்பதன் இயல்பு. காலை எட்டு மணிக்கு அங்கே சென்றால், பள்ளிக்குச் செல்லும் சிறாரும் அவர்தம் தாய்மாரும், மீன் அங்காடியில் வேலை முடித்தவரும், துப்புரவுப் பணியாளரும் ஒரே பலகையின்முன் நின்று, காப்பியும், ஒலிவ எண்ணெய் வார்த்துத் தக்காளி தடவிய சுட்ட ரொட்டியும் உண்பதைக் காணலாம். எமக்கு அவ்வுணவு 3 யூரோவுக்குள் முடிந்தது. மாலையில் மூதாட்டியர் கூடி அமர்ந்து கதை பேசுவதும் அங்கேதான். மது இல்லையெனின் அது பொய். சிறு குவளையில் உணவுடன் பருகுவார் பலர். தள்ளாடிச் சென்ற ஒருவரையும் ஓரிரவு கண்டோம். எனினும் அவ்விடத்தின் உயிர் மது அன்று. நம்மூர்த் தேநீர்க்கடையும், உணவு விடுதியும், ஊர்த் திண்ணையும் ஒன்றாய்க் கூடின் எதுவோ அதுவே அந்நாட்டு பார்.

இவற்றுள் சிலவற்றின் பிறப்பும் கேட்கத் தக்கது. கடல் கடந்து வந்த காப்பி, கொக்கோ, சர்க்கரை முதலியவற்றை விற்ற மளிகைக் கடைகளை அங்கு ‘உல்த்ராமாரினோஸ்’ என்பர். ‘கடலுக்கு அப்பாலன’ என்பது பொருள். வடக்கே கந்தாப்ரியா மலைநாட்டிலிருந்து வந்தவர்களே அவற்றைப் பெரிதும் நடத்தினர். மலைநாட்டு ஏழைச் சிறுவர் பலர் இளமையிலேயே இங்குக் கொண்டுவரப்பட்டு, கடையிலேயே உண்டு உறங்கி வேலை கற்றனர். அவர்களுக்குச் ‘சிக்கூக்கோ’ என்று பெயர். முன்புறம் மளிகை, பக்கத்தே குவளை மதுவும் கொறிக்கச் சிறிது உணவும் என அமைந்த அக்கடைகளுள் சில காலப்போக்கில் பாராயின. பொருள் தேடிப் பிறந்த ஊரை நீங்கிய சிறுவர்களின் உழைப்பு அப்பலகைகளில் தேய்ந்திருக்கின்றது என்று எண்ணியபோது, நெல்லைச் சீமையிலிருந்து பெட்டிக்கடை வேலைக்கென்று தொலைவூர்களுக்குச் சென்ற எம் உறவினர் சிலர் நினைவுக்கு வந்தனர்.

எளிய பாரைக் கண்டறிய யாம் மேற்கொண்ட வழிகளை, பின்னால் செல்லும் நண்பர்க்குப் பயன்படுமென்று ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம். கப்பல்துறையையும் பேராலயத்தையும் முதுகிட்டு, மேற்கே கடலை நோக்கிக் கால் மணிக்கு மேல் நடத்தல் வேண்டும். வண்ணப்படப் பட்டியலுள்ள கடையை விடுத்து, அன்றன்றைய உணவைக் கரும்பலகையில் சுண்ணத்தால் எழுதியிருக்கும் கடையை நாடல் வேண்டும். அப்பலகை அன்று அங்காடிக்கு வந்த மீனைச் சொல்லும். வேலையாடையுடன் உண்பாரும் முதியோரும் மிக்கிருத்தல் நற்குறி. வெளியே நிழற்குடையின்கீழ் அமர்ந்தால் விலை கூடும் இடங்களுண்டு. உள்ளே பலகையருகில் நிற்பதே சிக்கனம். ஒவ்வோர் உணவும் மூன்றளவில் கிடைக்கும்: சிறு தட்டைத் ‘தாப்பா’ என்பர், பெருந்தட்டை ‘ரசியோன்’ என்பர், இரண்டுக்கும் இடையே அரைத்தட்டும் உண்டு. தனியே செல்பவன் சிறு தட்டுகள் இரண்டு கேட்டால் வயிறும் நிறையும், வகையும் அறியலாம். நண்பகலில் ‘மெனு தெல் தியா’ என்னும் அன்றாட உணவும் பல இடங்களில் உண்டு. இரு பதார்த்தங்கள், ரொட்டி, குடிப்பதற்கு ஏதேனும் ஒன்று, இறுதியில் பழமோ இனிப்போ சேர்ந்து ஒரே விலை. யாம் கண்ட இடங்களில் 12 யூரோ அளவில் இருந்தது. 1964-இல் சுற்றுலாவைப் பெருக்கும்பொருட்டு அந்நாட்டரசு உணவகங்களுக்கு விதித்த ஒரு பயணியர் உணவே, பெயர் மாறி, உழைப்பாளரின் நண்பகல் உணவாய் நிலைத்துவிட்டது. இன்னுமொன்று: 2022-ஆம் ஆண்டின் கழிவுப்பொருட் சட்டப்படி, கேட்பவர்க்குக் குழாய் நீரை விலையின்றித் தருதல் உணவகங்களின் கடமை. மதுவும் வேண்டாது புட்டி நீரும் வாங்கவியலாது நின்ற எமக்கு அச்சட்டம் பெருந்துணையாயிற்று.

அவ்வூர் உணவும் எமக்கு அந்நியமாய்த் தோன்றவில்லை. கூனி இறாலைக் கடலைமாவும் கோதுமைமாவும் கரைத்த கூழில் இட்டு மெல்லிய அடையாகப் பொரிக்கின்றனர். விளிம்பு மொறுமொறுவென்று நொறுங்கும். சிறு சுறாவைக் காடியிலும் சீரகத்திலும் ஊறவைத்து மாவில் புரட்டிப் பொரிக்கின்றனர். வேகவைத்த உருளைக்கிழங்கை வெங்காயம், காடி, ஒலிவ எண்ணெய் இவற்றுடன் பிசறி வைப்பதும் ஒன்று. அதுவே எல்லாவற்றினும் மலிவானது. பொரித்த மீனை எடைபோட்டுத் தாளில் சுருட்டித் தரும் கடைகளும் உண்டு. மீன் பொரியும் ஓசையும் கள் விற்கும் கொடியும் ஒருங்கே விளங்கிய காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவைப் பட்டினப்பாலையில் பயின்றபோது அதனை ஒரு கற்பனைக் காட்சியாகவே கொண்டிருந்தோம். காதிஸில் நின்றபின்னரே துறைமுகத் தெரு எங்கும் அப்படித்தான் மணக்கும் என்று உணர்ந்தோம்.

இவ்வாறு நாள்தோறும் 4 யூரோ, 5 யூரோ என மிஞ்சலாயிற்று. ஏழாம் நாள் நண்பகல், நகரின் மேற்குக் கோடியிலுள்ள லா வீன்யா என்னும் பழைய மீனவர் குடியிருப்புக்குச் சென்றோம். 1755-ஆம் ஆண்டு லிஸ்பன் நிலநடுக்கத்தின்போது எழுந்த ஆழிப்பேரலை அங்குள்ள பால்மா தெரு வரையில் வந்து, மரியன்னையின் கொடி முன் நின்றுவிட்டது என்று அங்குள்ளோர் நம்புகின்றனர். அத்தெருவை விட்டு ஒரு சந்தில் திரும்பியபோது, திறந்த கதவொன்றினூடே நீலப் பூ ஓடுகள் தெரிந்தன. மேலே முள் உடைந்த கடிகாரம். எமக்குக் கால் நடுங்கிற்று.

உள்ளே சென்று பலகையருகில் நின்று, “மான்சானீயா” என்று மட்டும் சொன்னோம். கடைக்காரர் எழுபது வயதுக்கு மேற்பட்ட முதியவர். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, ஒரு கையில் புட்டியொன்றையும், மறு கையில் தேயிலைப் பொட்டலம் போன்ற சிறு தாள்பை ஒன்றையும் எடுத்து உயர்த்தி, எது என்று குறிப்பாற் கேட்டார். அருகே நின்ற மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் விளக்கினாள்: அந்நாட்டில் மான்சானீயா என்பது சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பூவின் பெயர், அப்பூவைக் கொதிநீரில் இட்டுக் குடிக்கும் கஷாயத்துக்கும் அப்பெயர், அதன் மணத்தை ஒத்திருப்பதால் சான்லூகார் மதுவுக்கும் அப்பெயர் வந்தது என்பர். வகுப்பிலே சிலேடைக்கு எத்தனையோ எடுத்துக்காட்டுகள் எழுதியவர்கள் யாம்; ஒரு சிலேடையின் இரு பொருளுக்கும் இடையே இத்தனை கலக்கத்துடன் நின்றதில்லை.

கைப்பேசியிலிருந்த நிழற்படத்தை எடுத்துக் கடைக்காரர்க்குக் காட்டினோம். அவர் முகம் மலர்ந்தது. தமையனாரைச் சுட்டி, பின் தாள்பையைச் சுட்டி, தலையசைத்தார். எம் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது. ஆனால் அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. முதியவர் ஏதோ கவலையுடன் கேட்க, மாணவி மொழிபெயர்த்தாள்: “இவர் நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு வருவார், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைக் குழம்பும் ரொட்டியும் உண்டு, கஷாயம் குடித்துச் செல்வார். ஒரு வாரமாக வரவில்லையே, உடல்நலம் இல்லையா என்று கேட்கின்றார்.”

ஒரு வாரம்! யாம் காதிஸ் வந்து சேர்ந்தது ஏழு நாளுக்கு முன்னர். பல்கலைக்கழகத்தில் உண்டதாகத் தமையனார் இரவுதோறும் சொன்ன சொல்லை யாம் ஆராயவில்லை. அங்குள்ள உணவுக்கூடம் மாலையிலேயே மூடிவிடும் என்பதை எவரிடமேனும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எமக்கு அளித்த 15 யூரோ எங்கிருந்து வந்தது என்பதும், அதில் ஒரு நாட்பணத்தையும் மேலும் பன்னிரண்டையும் வெண்துணி மேசையின்முன் ஒரே வேளையில் உண்டு தீர்த்தோம் என்பதும் ஒருங்கே உறைத்தன. அவர் பருகுவது யாது என்று அறியவே ஊரெல்லாம் சுற்றினோம். அவர் உண்கின்றாரா என்று ஒருநாளும் பார்த்தோமில்லை.

அன்றிரவு பேருந்து நிற்குமிடத்தில் காத்திருந்து, “அண்ணா, பசிக்கிறது, என்னோடு வாருங்கள்” என்று மட்டும் சொல்லி அழைத்துச் சென்றோம். சந்து திரும்பியபோது அவர் நின்றுவிட்டார். “இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பாட்டியாரின் கட்டளை முதல் 27 யூரோ வரை ஒன்றும் மறையாது உரைத்தோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் கூறினார்: “தம்பி, நீ பாட்டியிடம் முழுவதையும் சொல்லவேண்டும். வந்த முதல் வாரம் நான் கஷாயம் என்று எண்ணிக் கேட்க, அவர் மதுவையே வைத்துவிட்டார். தெரிந்த பிறகும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தாத்தா நினைவு வந்தது. வைத்துவிட்டேன். அதையும் சேர்த்துச் சொல்லு.”

உள்ளே முதியவர் தமையனாரின் தோளைப் பற்றிக் குலுக்கினார். கொண்டைக்கடலைக் குழம்பு இரண்டு கிண்ணம், கூனி அடை, சுறாப் பொரியல், உருளைக்கிழங்கு, இறுதியில் பூக்கஷாயம் இரு குவளை. கணக்கை மரப்பலகையின் மேலேயே சுண்ணத்தால் எழுதிக் கூட்டினார்: 19 யூரோ 40 சென்ட். ஐந்து நாளில் யாம் மிச்சம் பிடித்திருந்தது 21 யூரோ. தமையனார் பணப்பையை எடுக்குமுன் எடுத்து வைத்தோம். எஞ்சிய ஐந்து நாளும் 15 யூரோவுக்குள் இருவரும் சேர்ந்தே உண்டோம். வழி தெரிந்துவிட்டபின் அஃது அரிதாயிருக்கவில்லை.

ஊர் திரும்பும்வரை பொறுக்கமாட்டாது, மறுநாளே கைப்பேசியில் பாட்டியாரிடம் யாவற்றையும் கூறினோம். தமையனார் குடித்த ஒரு வாய் மதுவையும், எம் 27 யூரோவையும் விடவில்லை. நெடுநேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின்னர், “ஒரு வாரமா ராத்திரி சாப்பிடாமலா இருந்தான்?” என்று மட்டும் கேட்டார், மதுவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை.

இப்பொழுது தமையனார் ஞாயிறுதோறும் பேசும்போது, பாட்டியார் கைப்பேசியை வாங்கி முற்றத்துக்கு வந்து, எதிர்வீட்டாரும் செவியுற, “ஐயா, இன்றைக்கு பாருக்குப் போனாயா?” என்று உரத்துக் கேட்கின்றார். போகவில்லை என்றால் கடிந்துகொள்கின்றார்.